கார்டு இருக்கு, கேம் எங்கே?

நின்டெண்டோவின் கேம் கருவியான ஸ்விட்ச் 2-க்கு கேம் வாங்கும்போது முதலில் பெட்டி முன்அட்டையின் கீழ்ப்பகுதியைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே சாவிப் படம் இருந்தால், உள்ளே உள்ள கார்டில் கேம் கிடையாது. அது வெறும் அனுமதிச் சீட்டு. முழு கேமையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். சரி, இறக்கியாச்சு. அப்புறமும் விளையாடும்போதெல்லாம் கார்டைச் செருகியே ஆக வேண்டுமாம்! கருவியில் இருக்கிற 256 ஜிபி இடமும் இதற்கே போகிறது. பழைய மெமரி கார்டும் உதவாது, மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்கிற புது வேக மெமரி கார்டுதான் வேண்டும்.

1989-இல் நின்டெண்டோவின் கேம்பாய் கருவிக்கு வந்த டெட்ரிஸ் கேமை இன்றைக்குச் செருகினாலும் ஓடும். நின்டெண்டோ நாளைக்குச் சர்வரை நிறுத்திவிட்டால் இந்தக் கார்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சைபர்பங்க் 2077 அவ்வளவு பெரிய கேம், அதையே 64 ஜிபி கார்டில் முழுசாகப் போட்டுக் கொடுத்தார்கள். மற்ற கேம் நிறுவனங்களுக்கு என்ன கேடு?