வாடகையோடு போகிறதா? இந்தச் சப்-மீட்டர் இருக்கிறதே!

வடசென்னையில் எங்கள் தண்டையார்பேட்டையில் ஒண்டுக் குடித்தனம் இருப்பவர்களைக் கேளுங்கள், வயிறு எரியச் சொல்வார்கள். ஒரே வீட்டைத் தடுத்து நாலு குடித்தனம். மின் இணைப்பு மட்டும் ஒன்று. மாடிப்படிக்குக் கீழே, ஒட்டடைக்கு நடுவில் குடித்தனத்துக்கு ஒன்றாக வரிசையாகச் சின்னச் சப்-மீட்டர்கள். மாதம் பிறந்தால் ஹவுஸ் ஓனர் செல்போன் டார்ச்சை அடித்துக் குறித்துக்கொண்டு போவார். முதல் யூனிட்டிலிருந்தே யூனிட்டுக்குப் பத்து ரூபாய்!

2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சொந்த வீட்டில் ஏசி ஓட்டுகிறவருக்கும் அது உண்டு. ஒற்றை ஃபேன் ஓடும் எங்கள் அறைக்குக் கிடையாது. கேட்டால், “எல்லார் யூனிட்டும் ஒண்ணா சேர்ந்து ரேட் ஜாஸ்தியான மேல் ஸ்லாபுக்குப் போயிடுதேப்பா” என்கிறார். சரி, அப்படியானால் தனித்தனி இணைப்பு வாங்கித் தரலாமே? அதற்கு மட்டும் வாய் திறப்பதில்லை.

வேறு வீடு பார்க்கலாம் என்றால் அட்வான்ஸ் பத்து மாதம். 2019இல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்றுதான் சொல்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ள அதிலேயே வழி விட்டிருக்கிறார்கள். வீடு கிடைக்காதவன் எதில்தான் கையெழுத்துப் போட மாட்டான்? வட்டியில்லாமல் அந்தப் பணம் அவர்களிடம் கிடக்கிறது. அதைப் புரட்ட வாங்கிய கடனுக்கு மாதா மாதம் வட்டி கட்டுவது நாங்கள். காலி பண்ணும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையை வேறு பிடித்துக்கொள்கிறார்கள்.

2021இல் எங்கள் பகுதி வழியாக விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது, சந்தோஷம்தான். இப்போது ‘மெட்ரோ பக்கம்’ என்று சொல்லியே வாடகையை ஏற்றுகிறார்கள். துறைமுகத்தில் கூலி வேலை செய்கிறவருக்கு அதே வேகத்தில் கூலியை யார் ஏற்றினார்கள்?