கண்ணாடியில் ஒட்டினால் கோடு போச்சு
காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி ஓவியர் ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களைப் பற்றிய கட்டுரை அருமை. ஆனால் இப்படிப்பட்ட படங்களைக் ‘கண்ணாடி போட்டு மாட்டினால் போதும்’ என்று முடித்திருப்பது புதுச்சேரிக்குச் சரிவராது. கரி கலந்த இந்திய மை லேசில் வெளுக்காது; கெடுவது காகிதம்தான். ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரைப் பக்கத்துச் சுவர் வேர்க்கும். காகிதம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அப்படியே பிடித்துக்கொள்ளும். பிரித்தால் மேல்தோல் உரிந்து கோடும் கூடவே வந்துவிடும். நடுவில் 2 மில்லிமீட்டராவது தடிமனுள்ள, அமிலமில்லாத மவுண்ட் அட்டை (படம் தெரிய நடுவே ஜன்னல் போல வெட்டிய அட்டை) கட்டாயம். செல்லோ டேப் வேண்டவே வேண்டாம், பசை பழுத்து மஞ்சள் கறை இறங்கும். படத்தின் மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் மெல்லிய ஜப்பானியக் காகிதத் துண்டைக் கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டிப் பின் அட்டையோடு பிடித்துவைத்தால் போதும். நாலு பக்கமும் ஒட்டினால் மழைக்காலத்தில் காகிதம் விரிய இடமில்லாமல் அலையலையாக நெளியும். சட்டத்தின் பின்புறம், கீழ் மூலைகளில் பாட்டில் தக்கையை வில்லையாக நறுக்கி ஒட்டுங்கள், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றோடும். (நம்ம ஊரில் தக்கைக்கா பஞ்சம்!) பூஞ்சை வந்துவிட்டால் ஈரத்துணி படவே கூடாது. நிழலில் நன்றாக உலர்த்தி, வீட்டுக்கு வெளியே வைத்து, மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள்.