தூங்கி வழிந்த பையன்

பள்ளிப் பிள்ளைகளின் மனக்காயம் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். சிறுவயதில் பட்ட அதிர்ச்சி படிப்பைக் கெடுக்கும் என்று அது சொல்வது சரி. எப்படிக் கெடுக்கிறது என்பதை இன்னும் கொஞ்சம் விளக்கியிருக்கலாம். தினமும் சண்டை, அடி என்று வளரும் குழந்தையின் உடலில் கார்ட்டிசோல் போன்ற அழுத்த ஹார்மோன்கள் அடிக்கடி ஏறுகின்றன. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி ஓயாமல் விழித்திருக்கிறது. நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதியும் நிதானமாக யோசிக்க வைக்கும் மூளையின் முன்பகுதியும் திணறுகின்றன. கதவு சாத்தும் சத்தத்துக்கே திடுக்கிடும் பிள்ளைக்குப் பின்னக் கணக்கு எங்கே ஏறும்?

ஒரு விஷயத்தில் மட்டும் உடன்பாடில்லை. சிறுவயதுத் துயரங்கள் கூடக்கூடப் பிற்காலத்தில் நோய்களும் கூடுவதை 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது உண்மைதான். அதற்காக, பட்ட துயரங்களை எண்ணி ஒவ்வொரு மாணவருக்கும் 'துயர மதிப்பெண்' போடலாம் என்று கட்டுரை சொல்வது அபத்தம். அது கூட்டத்தின் போக்கைச் சொல்லும் அளவு, தனி ஆளின் ஜாதகம் அல்ல. அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான ராபர்ட் அன்டாவே 2020இல் இதை எச்சரித்தார்.

அப்புறம், தப்பு செய்த மாணவரைச் சில நாள் பள்ளிக்கு வராதே என்று அனுப்பும் இடைநீக்கம். வீட்டுக்குப் பயந்த பிள்ளையை அதே வீட்டுக்கு அனுப்புவது என்ன தண்டனை?

நானும் ஆசிரியராக இருந்தவன்தான். வகுப்பில் தூங்கி வழிந்த ஒரு பையனை வெளியே நிறுத்தியிருக்கிறேன். இரவெல்லாம் தங்கைக்குக் காவலாக விழித்திருந்தான் என்று மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.