தலையில் அடிபட்டவரைச் சரியாகப் பார்க்காமல் அனுப்பிவிட்டால்: கேஸ் எங்கே போடுவது, எதை முதலில் செய்வது

பைக்கில் விழுந்தவரை ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். நெற்றியில் நாலு தையல், ஒரு டிடி ஊசி, வலி மாத்திரை. "ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." விடியற்காலையில் வாந்தி, அப்புறம் நினைவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சிடி ஸ்கேன் எடுத்தால் மண்டைக்குள் ரத்தக்கட்டு. உயிர் பிழைத்தாலும் ஒரு பக்கம் கைகால் வராமல் போய்விடுகிறது.

இப்படி நடந்த வீடுகளில் முதல் கோபம் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போகிறது. அது கடைசியாகப் போகவேண்டிய இடம் என்பது என் உறுதியான கருத்து. டாக்டர் மேல் கிரிமினல் வழக்கு நிற்கவேண்டுமானால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியம் இருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் சொல்லிவிட்டது. அதற்கு முன் வேறொரு டாக்டரிடம், முடிந்தால் அரசு டாக்டரிடம், நடுநிலையான கருத்து வாங்கவேண்டும். அந்தக் கருத்து வருவதற்குள் மாதங்கள் ஓடும். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடச் சட்டம் கொடுத்திருக்கும் 2 வருடமும் கூடவே ஓடும். தண்டனையே கிடைத்தாலும் பிசியோதெரபிக்கும் ஆள் சம்பளத்துக்கும் அதிலிருந்து பணம் வராது.

முதல் வேலை காகிதம் சேர்ப்பது. 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்கு விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைக் கொடுக்கவேண்டும். வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள், மறுத்தால் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். அந்த விதி 3 வருடம்தான் பாதுகாக்கச் சொல்கிறது, அதனால் தள்ளிப்போடாதீர்கள். அரசு ஆஸ்பத்திரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். 10 ரூபாய், 30 நாள்.

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள், அங்கேதான் கேஸ் பலவீனமாகிறது. அவசரப் பிரிவில் வந்த நேரம் பதிவான பக்கம், விபத்துப் பதிவேட்டு நகல், டியூட்டி டாக்டரின் குறிப்பு, நர்ஸ் எழுதிய சார்ட் எல்லாம் வேண்டும். சிடி ஸ்கேன் எடுத்திருந்தால் ஃபிலிம் போதாது, டைகாம் கோப்பாக (ஸ்கேனின் மூல டிஜிட்டல் வடிவம்) டிஸ்கிலோ பென் டிரைவிலோ கேளுங்கள். ஃபிலிமில் தேர்ந்தெடுத்த படங்கள்தான் இருக்கும். எலும்பை ஒட்டி மெல்லிய பட்டையாகப் படிந்த ரத்தம் சாதாரண அமைப்பில் எலும்பின் வெள்ளையோடு கலந்து மறைந்துவிடும். மூலக்கோப்பு இருந்தால் இன்னொரு ரேடியாலஜிஸ்ட் வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்டையும் மாற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். நேரம் அச்சான மருந்துக்கடை பில்லும் சாட்சிதான்.

நோயைத் தப்பாகக் கணித்தது மட்டுமே சட்டப்படி அலட்சியம் ஆகாது. அந்த நிலையில் ஒரு சராசரித் திறமையுள்ள டாக்டர் செய்திருக்கவேண்டியதைச் செய்தாரா என்றுதான் பார்ப்பார்கள். தலைக்காயத்தில் அந்த அளவுகோல் எழுத்திலேயே இருக்கிறது. கனடாவில் உருவாகி உலகம் முழுக்கப் புழங்கும் சிடி ஸ்கேன் விதி, கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியவர், குழம்பியவர்களுக்கானது. வயது 65 அல்லது அதற்கு மேல், இரண்டு தடவைக்குக் குறையாத வாந்தி, அடிபட்டு 2 மணி நேரமாகியும் ஜிசிஎஸ் என்ற நினைவு மார்க் 15-ஐ எட்டாதது, காதில் ரத்தமோ தண்ணீர் மாதிரி திரவமோ வடிவது, இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுத்துப்போவது: இதில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவரிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஜிசிஎஸ் என்பது கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது மூன்றையும் சேர்த்து 3 முதல் 15 வரை போடும் மார்க். உங்கள் காகிதத்தில் அந்த எண்ணும் இல்லை, கண்ணின் கருமணியைச் சோதித்த குறிப்பும் இல்லை என்றால், அந்த வெற்றிடமே உங்கள் பலமான சாட்சி. "குடிச்சிருக்கார், தூங்கட்டும்" என்று விடுவதுதான் எனக்கு மிகவும் கோபம் வரவழைப்பது. போதை தலைக்காயத்தின் அறிகுறியை மறைக்கும் என்பது எல்லா டாக்டருக்கும் தெரியும்.

டாக்டர் பக்க நியாயமும் உண்டு. முதியவர்களுக்கு முதல் ஸ்கேன் சுத்தமாக இருந்து, மூன்று வாரம் கழித்து மெதுவாக ரத்தம் சேர்வது உண்டு. அதை அன்றைக்கே கண்டுபிடித்திருக்கவேண்டும் என்று வாதாட முடியாது. ஆனால் தலைவலி, தடுமாற்றம் என்று திரும்பி வந்தவரை மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தால் அது வேறு கதை.

அடுத்த தடை: சீக்கிரம் கண்டுபிடித்திருந்தால் விளைவு மாறியிருக்குமா? மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் கட்டியிருந்தால், நேரத்தோடு ஆபரேஷன் செய்தவர்கள் பெரும்பாலும் நன்றாகத் தேறுகிறார்கள். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. மூளை நரம்பிழைகள் பரவலாக அறுந்த காயத்துக்கு ஆபரேஷனே கிடையாது, அதனால் தாமதத்தால் வந்த நஷ்டத்தை நிரூபிப்பது கடினம். எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010-ல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது மலேரியாவை டைபாய்டு என்று பார்த்த வழக்கு. மூளைக்காய வழக்கில் அந்தத் தீர்ப்பை நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு நியூரோசர்ஜனிடம் எழுத்தில் கருத்து வாங்கியபின் மனு எழுதுங்கள்.

வழக்குக்குச் சரியான இடம் பெரும்பாலும் கன்ஸ்யூமர் கோர்ட். மருத்துவமும் சேவைதான் என்பது 1995-லேயே முடிவான விஷயம். காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டியிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான். நீங்கள் கட்டிய தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம், 5 லட்சத்துக்குள் என்றால் மனுக்கட்டணமே இல்லை. கேட்கும் இழப்பீடு அதைவிடப் பெரிதாக இருக்கலாம். ஆஸ்பத்திரி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரில் போடலாம். 2 வருடத்தை முதல் ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், பிறகு வாதாடவேண்டியதில்லை. எதிர்த்தரப்பு 45 நாளுக்குள் பதில் போட்டாகவேண்டும். தீர்ப்புக்கு மட்டும் வருடக்கணக்கில் காத்திருக்க மனதைத் தயார்செய்யுங்கள்.

இழப்பீட்டை மொத்தமாக ஒரு எண்ணாகக் கேட்காமல், போன வருமானம், இனி ஆகும் சிகிச்சை, பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளம், விலைவாசி உயர்வு என்று பிரித்துக் கணக்குக் காட்டுங்கள். சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996-ல் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யாமல் விட்டதில் பார்வை போனது. 2015-ல் உச்ச நீதிமன்றம் விலைவாசி உயர்வையும் கணக்கிட்டு ஏறக்குறைய 1.8 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது.

யாரிடமும் பணம் வாங்காத அரசு ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அல்லது சிவில் வழக்கு. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரை அரசு ஆஸ்பத்திரிகள் அடுத்தடுத்து திருப்பி அனுப்பிய வழக்கில், அவசர சிகிச்சை மறுப்பது வாழும் உரிமையை மீறுவது என்று 1996-ல் தீர்ப்பானது. மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுத்தால் டாக்டரின் பதிவை நிறுத்திவைக்கலாம், இழப்பீடு கிடையாது.

விபத்து என்றால் வண்டியின் இன்சூரன்ஸ் மீதான வழக்கு தனி. 2022 ஏப்ரல் முதல் அதற்கு 6 மாதக் கெடு. மறதி, எரிச்சல், வேலையில் கவனம் நிற்காமை போன்றவை தாமதமாகத்தான் தெரியும். நரம்பியல்-உளவியல் பரிசோதனை முடியாமல் லோக் அதாலத்தில் சமரசம் பேசாதீர்கள். ஆஸ்பத்திரி கொஞ்சம் பணம் கொடுத்து "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்துக் கேட்டால் வக்கீலுக்குக் காட்டாமல் போடவேண்டாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பட்டியலினத்தவருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் தருவார்கள்.