பிரசவத்துக்குப் பின் தலைவலியா? முதலில் பிரஷர் பாருங்கள்

பிரசவத்துக்குப் பின் வரும் தலைவலி பற்றி ஒருவர் பேசி, இப்போது எல்லார் கைபேசியிலும் சுற்றும் அந்த வீடியோவை நான் இங்கே பகிரப் போவதில்லை. பார்க்காதவர்கள் யாரும் மிச்சம் இருப்பதாகத் தெரியவில்லை. எனக்கே பல பேர் அனுப்பிவிட்டார்கள். குழந்தை பெற்றவளுக்குத் தலைவலி வருவது தூக்கம் கெட்டதால்தானாம். அறையை இருட்டாக்கிப் படுத்தால் போய்விடுமாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஸ்கேன் எடுத்துப் பணம் பறிப்பார்களாம். சிரித்த முகத்தோடு அவர் சொல்லச் சொல்ல, கீழே இதயங்கள் குவிகின்றன. எனக்கு வயிறு எரிகிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்தத் தலைவலி சிலருக்கு ஸ்ட்ரோக்கின், அதாவது மூளையில் ரத்த ஓட்டம் அடைபடுவதன் அல்லது ரத்தம் கசிவதன், அறிகுறியாக இருக்கலாம். கர்ப்பிணிக்கோ, பிரசவமாகி ஆறு வாரம் தாண்டாத பெண்ணுக்கோ புதிதாக, பலமாகத் தலைவலி வந்தால் முதலில் பிரஷர் பாருங்கள். தைலம், மாத்திரை, தூக்கம் எல்லாம் அதற்கு அப்புறம். 140/90 இருந்தாலே அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மேல் அளவு 160-ஐயோ கீழ் அளவு 110-ஐயோ தொட்டுவிட்டால் அது அவசரம். கால் மணி நேரம் கழித்தும் இறங்கவில்லை என்றால், பிரஷரை இறக்கும் லேபெட்டலாலோ நிஃபெடிபினோ ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். வலிப்பு வராமல் தடுக்க மக்னீசியம் சல்பேட்டும் போடுவார்கள். இருட்டறையில் படுத்தால் 160 இறங்காது.

சின்னப் பெண்ணுக்கு எப்படி ஸ்ட்ரோக் வரும் என்று கேட்கிறார்கள். பிரசவத்தில் அளவுக்கு மீறி ரத்தம் போகாமல் இருக்க, கர்ப்ப காலத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும்படி உடம்பே மாறிக்கொள்கிறது. நம்மைக் காக்கிற அதே மாற்றம்தான் சிலருக்கு மூளையில் ரத்தக் கட்டியாக நிற்கிறது. இன்னொரு பக்கம் பிரீ-எக்லாம்சியா என்ற, கர்ப்பத்தையொட்டிப் பிரஷர் ஏறும் நோய். அது ரத்தக் குழாய்களின் உள்சுவரைக் கெடுத்து, பிரஷரை ஏற்றி, மூளையில் வீக்கத்தையோ ரத்தக் கசிவையோ உண்டாக்கும். ஏற்கெனவே இதய வால்வு கோளாறு இருப்பவர்கள், மூளை ரத்தக் குழாயில் பிறவியிலேயே பலவீனம் உள்ளவர்கள் தனி. பிரசவம் முடிந்தால் ஆபத்தும் முடிந்தது என்பது தவறு. பிரஷர் பெரும்பாலும் பிரசவமான 3 முதல் 6 நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகிறது. அதாவது, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இனி பயமில்லை என்று எல்லாரும் மூச்சு விடும் நாட்களில்.

என் தங்கைக்கு அப்படித்தான் ஆனது. ஆபரேஷனுக்காக முதுகில் போட்ட ஊசியால் வந்த தலைவலி என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். அந்த ஊசியால் வரும் வலி உட்கார்ந்தால் கூடும், படுத்தால் அடங்கும். அவளுக்கு நேர்மாறு. படுத்தால் மண்டை பிளக்கிறது என்று சுவரில் சாய்ந்தே இரவெல்லாம் உட்கார்ந்திருந்தாள். வித்தியாசம் யாருக்கும் உறைக்கவில்லை. மறுநாள் குழந்தையின் சட்டை நாடாவை முடிச்சுப் போட முயன்றாள். இடது கை நாடாவைப் பிடித்துக்கொண்டது. வலது கை விரல்கள் நாடாவுக்குப் பக்கத்தில் போய்ப் போய் நழுவின. அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அசதி, கொஞ்சம் படு" என்றார் பக்கத்தில் இருந்தவர். அன்று மாலை வலிப்பு வந்தது.

மூளையின் உச்சியில் ஓடும் பெரிய சிரையில் ரத்தம் உறைந்திருந்தது. சுற்றிலும் கொஞ்சம் கசிவும் இருந்தது. இதுவும் ஒரு வகை ஸ்ட்ரோக்தான். கசிவு இருக்கும்போதே ஹெப்பாரின் ஊசி போட்டார்கள். ரத்தம் கசிகிற இடத்தில் ரத்தம் உறையாத மருந்தா என்று டாக்டரிடம் கேட்டேன். வாய்க்கால் அடைத்துக்கொண்டதால்தான் தண்ணீர் கரை மீறுகிறது, அடைப்பு விலகினால்தான் கசிவும் நிற்கும் என்று பொறுமையாக விளக்கினார். அப்புறம் பல மாதம் வார்ஃபரின், அதுவும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைதான். அதைச் சாப்பிட்டுக்கொண்டே தாய்ப்பாலும் கொடுத்தாள்.

"சும்மா பயமுறுத்தாதே" என்று சிலர் எழுதுவார்கள். சரி, கணக்கே சொல்கிறேன். ஒரு லட்சம் கர்ப்பங்களில் சுமார் 30 பேருக்கு ஸ்ட்ரோக் வருகிறது. அரிதுதான். கர்ப்பமில்லாத அதே வயதுப் பெண்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்த 30 பேரில் ஒருத்தி உங்கள் வீட்டில் இருந்தால் அரிது என்ற சொல்லை வைத்து என்ன செய்வீர்கள்?

"நீ என்ன டாக்டரா?" இல்லை. அந்த வீடியோக்காரரும் இல்லை.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது ஸ்கேன் விஷயம்தான். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சி.டி. எடுக்கலாமா என்று குடும்பமே கூடி நின்று பேசும். அங்கே மூளை செத்துக்கொண்டிருக்கும். தலைக்கு எடுக்கும் சி.டி.யில் குழந்தைக்குப் போய்ச் சேரும் கதிர்வீச்சு 0.01 மில்லிகிரேக்கும் (கதிர்வீச்சின் அளவு) குறைவு. 50 மில்லிகிரேக்குக் கீழே குழந்தைக்குக் குறை வந்ததாகக் காட்டப்படவில்லை. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சே கிடையாது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் அடைப்பு என்றால் நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் கொடுப்பதைப் பற்றி யோசிப்பார்கள். அது பெரிய மூலக்கூறு, நஞ்சுக்கொடியைத் தாண்டாது. ரத்தப்போக்கு அபாயம் உண்டு, அதை டாக்டர்கள் எடை போடுவார்கள். பெரிய குழாய் அடைத்திருந்தால் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டுக் கட்டியை வெளியே எடுக்கும் வழியும் இருக்கிறது. சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட. கர்ப்பம் என்ற ஒரே காரணத்துக்காகச் சிகிச்சையை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. ஆனால் இதற்கெல்லாம் அவள் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குள் போயிருக்க வேண்டும்.

எல்லாத் தலைவலிக்கும் ஓட முடியுமா என்பது நியாயமான கேள்விதான். பெரும்பாலானவை சாதாரண வலிதான். அதனால்தான் முதலில் பிரஷர் பாருங்கள் என்கிறேன். பார்வை மங்கினால், வாய் கோணினால், பேச்சு குழறினால், ஒரு கை சொன்னபடி கேட்காவிட்டால், வாந்தியோடு வலி ஏறிக்கொண்டே போனால் பிரஷர் எவ்வளவு இருந்தாலும் கிளம்புங்கள். உச்சந்தலையில் இடி இறங்கியது மாதிரி ஒரே நொடியில் வந்த வலிக்கும் அப்படித்தான்.

சொல்லிக்கொண்டே வரும்போது கோபம் அந்த மனிதரைத் தாண்டிப் போகிறது. பிள்ளை பெற்றவள் வலி என்றால் நம்ப ஆள் இல்லை. அழுதால் மனச்சோர்வு, படுத்தால் சோம்பல், டாக்டரிடம் போக வேண்டும் என்றால் செல்லம். என் தங்கை இரண்டு நாள் வாய்விட்டுச் சொன்னாள். குழந்தைக்குப் பால் போதுகிறதா என்று நாலு பேர் கேட்டார்கள், அவள் பிரஷரை ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

இப்போது அவள் மறுபடி கர்ப்பம். கட்டி திரும்ப வராமல் இருக்க ஹெப்பாரின் ஊசியைத் தினமும் தானே வயிற்றில் போட்டுக்கொள்கிறாள்; பிரசவத்துக்குப் பின்னும் ஆறு வாரம் போட வேண்டும். போன வாரம் வந்த உறவுக்காரர் ஒருவர், "நல்லாத்தானே இருக்கே, எதுக்கும்மா தினமும் ஊசி?" என்றார். அவள் பதில் சொல்லவில்லை. நான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. அவருக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன். இருக்கட்டும்.