பிரதேச சபையிடம் இல்லாத காசு

வறியோருக்கு மாதாமாதம் கொடுக்கும் அரச உதவிப்பணமான பிச்சைச் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிரதேச சபைகளும் மாநகர சபைகளும் ஏற்றால் தொகையைக் கூட்டலாம் என்று நான் வாசித்த ஒரு கட்டுரை சொல்வது மட்டக்களப்பு, அம்பாறைக் கணக்குக்கு ஒத்துவராது. அப்படியொரு பழைய ஏற்பாடு இருந்தது உண்மைதான்: 1939ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் கொழும்பு, கண்டி, காலி மாநகர சபைகளின் தலையில் அந்தப் பொறுப்பை வைத்தது. அவை சோலைவரி (வீடு, கட்டட வரி) கொட்டும் ஊர்கள். மட்டக்களப்பின் வாகரையிலும் வெல்லாவெளியிலும் சபைக்கு என்ன வருமானம்? முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும்கூட மாகாணத்தின் கைவழியாகத்தான் வந்து சேர வேண்டும். ஊழியர் சம்பளத்துக்கே மாகாணத்தைப் பார்த்திருக்கும் சபை எதைப் பங்கு போடும்? அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு சமூக சேவை மாகாணப் பட்டியலில் இருக்கிறது. கிராம அலுவலரின் சிபாரிசு, சமூக சேவை உத்தியோகத்தரின் கள விசாரணை என்று பிச்சைச் சம்பளக் கோப்பு மத்திய அரசின் அலுவலகமான பிரதேச செயலகத்தில் நகர்ந்தாலும், காசு மாகாணச் சமூக சேவைத் திணைக்களத்தின் ஒதுக்கீடு. இடிப்பது அங்கேதான். மத்தியிலிருந்து மாகாணத்துக்கு வரும் தொகுதிக் கொடையின் (மொத்த மானியத்தின்) பெரும்பகுதி ஆசிரியர், சுகாதாரத் துறைச் சம்பளத்துக்கே போய்விடும், மிஞ்சியதில்தான் பிச்சைச் சம்பளம். அதனால் தகுதியெல்லாம் சரியாக இருந்தும், பழைய பயனாளி ஒருவர் இறந்தோ நீக்கப்பட்டோ இடம் வரும்வரை பெயர் காத்திருப்புப் பட்டியலில் கிடக்கும். அந்தக் கட்டுரையின் கீழ் கருத்தெழுதிய ஒருவர் அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவு வராததற்கும் பிரதேச சபைத் தவிசாளரைத் திட்டியிருக்கிறார், பாவம் மனிசன். 2023 ஜூலையில் தொடங்கிய அது முழுக்க மத்திய அரசின் பணம். நலன்புரி நன்மைகள் சபை நேரே வங்கிக்குப் போடுவது. அடையாள அட்டையில் ஒரு முதலெழுத்தும் வங்கிப் புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தாலே பணம் தடைபடலாம். அதைத் திருத்தப் போகவேண்டிய இடம் பிரதேச செயலகம், பிரதேச சபைக் கட்டடமல்ல.