சான்றிதழில் ‘கொரோனா’ இல்லாவிட்டாலும் உரிமை இருந்தது
“இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று எழுதப்படாதவர்களின் குடும்பத்துக்கு அரசின் 50,000 ரூபாய் நிவாரணம் கிடையாது என்பதுதான் சட்டம்” என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள் அண்ணே. அது தவறு. அந்தக் காரணத்தை மட்டும் சொல்லி எந்த மாநிலமும் நிவாரணத்தை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 4 அன்று தெளிவாக உத்தரவிட்டது. தொற்று உறுதியான 30 நாள்களுக்குள் இறந்திருந்தால், வீட்டில் இறந்தவர்களுக்கும் அது பொருந்தியது. மறுத்தால் முறையிட மாவட்டந்தோறும் குறைதீர் குழு இருந்தது, நமக்குச் சிவகங்கையில்.

பள்ளத்தூரில் எங்கள் அப்பத்தா பரிசோதனை முடிவு வந்த இருபதாம் நாள் வீட்டிலேயே இறந்தார். சான்றிதழில் ‘மூச்சுத்திணறல்’. “கிடைக்காது” என்று யாரோ சொன்னதை நம்பி, சித்தப்பா மனுவே கொடுக்கவில்லை. பிறகு உண்மை தெரிந்தபோது, உச்ச நீதிமன்றம் 2022 மார்ச்சில் விதித்த 60 நாள் கெடுவும் முடிந்திருந்தது. அரசிடம் கணக்குக் கேட்க வேண்டியவர்களை இப்படிப்பட்ட பேச்சுதான் வாசலோடு திருப்பி அனுப்பியது. தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.